இழைமணியும் ஒட்டுண்ணிப் புழுக்களின் பூர்வீகமும்

மக்களின் பழைய வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்பனவற்றைச் சான்றாகக் கொள்வர். விலங்குகளின் பழைய வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு எலும்பும் பல்லும் ஓடும் சான்றாகும். பாறையினுள் எஞ்சிய இத்தகைய உயிர்ச்சுவடுகளைக் கொண்டே குதிரையின் வழிமுறையும் யானையின் வழிமுறையும் வகுக்கப்பட்டன. ஆயின், எலும்பும் பல்லும் ஓடும் இன்றி, பிறிதோர் உயிரின் குடலிலோ குருதியிலோ மறைந்து வாழும் புழுக்களின் பூர்வீகத்தை எங்ஙனம் அறிவது? அவை இறந்தால் சின்னாட்களில் அழுகி மறைவன. அவற்றின் உடலிற் பாறையாக மாறத்தக்க பகுதி யாதும் இல்லை.

அவை விட்டுச்சென்ற தடயம் முட்டையொன்றே. 1910ஆம் ஆண்டில் மாக் அர்மண்ட் ரபர் என்னும் மருத்துவர், எகிப்தின் 20ஆம் அரச மரபுக் காலத்துப் பதப்பிணங்களின் சிறுநீரகங்களிற் குருதித் தட்டைப்புழுவின் முட்டைகளைக் கண்டார். அல்ப்ஸ் மலைப் பனிக்கட்டியினுள்ளே 1991இற் கண்டெடுக்கப்பட்டதும் ஏறத்தாழ 5,300 ஆண்டு பழைமை உடையதுமான மனித உடலின் குடலிற் சவுக்குப்புழுவின் முட்டைகள் இருந்தன. பிரேசில் நாட்டிற் கிடைத்த, சுமார் 270 மில்லியன் ஆண்டுகட்கு முற்பட்ட சுறாமீன் ஒன்றின் கல்லாகிய மலத்தில் நாடாப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. இவை புழுக்கள் மிகப் பழைய காலந்தொட்டு வாழ்ந்தன என்பதை நிறுவுமேயன்றி, எப்புழு எப்புழுவிலிருந்து பிரிந்தது, எவ்வுயிரிலிருந்து எவ்வுயிருக்குச் சென்றது என்பவற்றைக் கூறா. அவ்வினாக்களுக்கு விடை, புழுவின் ஒவ்வொரு கலத்தினுள்ளும் எழுதிவைக்கப்பட்டிருந்த ஒரு சிற்றேட்டிலிருந்தே கிடைக்கத் தொடங்கியது. அவ்வேடு இழைமணியின் டீ.என்.ஏ. ஆகும். அதனைப் படிக்க அறிஞர் கற்றுக்கொண்ட வரலாறும், அதிலிருந்து பெற்ற முடிபுகளும் அறியத்தக்கன.

தாமே தோன்றின என்ற கொள்கை

புழுநோயை மனிதன் அறிந்தது மிகப் பழைய காலத்திலேயாம். கி.மு. 1550ஆம் ஆண்டளவில் எழுதப்பெற்ற ஏபேர்ஸ் பப்பைரசு எனும் எகிப்திய மருத்துவ ஏடு குடற்புழுவுக்கு மருந்து கூறுகின்றது. ஆயுள்வேத நூலாகிய சரகசங்கிதை கிருமிகளை 20 வகையாகப் பகுக்கின்றது. எனினும் அவை எங்கிருந்து வந்தன என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. அழுகிய பொருளிலிருந்து புழு தானே பிறக்கும் என்ற கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. இத்தாலிய மருத்துவரான பிரான்செஸ்கோ ரெடி 1668ஆம் ஆண்டில் இறைச்சித் துண்டுகளைச் சில கலங்களில் மூடியும் சில கலங்களில் மூடாதும் வைத்து, ஈ மொய்க்காத இறைச்சியிற் புழு தோன்றாது என்று காட்டினார். அவரே 1684இல் விலங்குகளின் உடலினுள் வாழும் புழுக்களைப் பற்றித் தனி நூலொன்றும் வெளியிட்டார்.

ஆயினும் குடற்புழு பற்றிய ஐயம் நீங்கவில்லை. நாடாப்புழுவைக் குடலுக்கு வெளியே எவரும் கண்டதில்லை. ஆதலின் அது நோயுற்ற உடலிலிருந்தே பிறக்கின்றது என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ருடோல்பி போன்ற பேரறிஞர் கொண்டனர். இக்கொள்கையைத் தகர்த்தவர் ஜேர்மனிய மருத்துவரான குயூக்கன்மைஸ்ரர். பன்றி இறைச்சியிற் காணப்படும் நீர்ப்பை போன்ற சிறு கொப்புளங்கள் நாடாப்புழுவின் இளம்பருவமே என்பது அவர் துணிபு. மரணதண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவருக்கு, அவர் அறியாதவாறு உணவுடன் அக்கொப்புளங்களை ஊட்டி, தண்டனை நிறைவேறிய பின்னர் குடலைத் திறந்து, அங்கே இளம் நாடாப்புழுக்கள் பற்றியிருந்ததை 1855ஆம் ஆண்டில் அறிவித்தார். இப்பரிசோதனையின் கொடுமையை அக்காலத்தோரே கண்டித்தனர். எனினும் அதன் முடிபை எவராலும் மறுக்க முடியவில்லை. 1861இல் லொய்க்காட் என்பார், மாட்டிறைச்சியால் வரும் நாடாப்புழுவின் முட்டைகளைக் கன்றுக்கு ஊட்டி, அதன் தசையிற் கொப்புளங்கள் உண்டாதலைக் காட்டினார். இவ்வாறு நாடாப்புழு ஈருயிர்களில் வாழ்க்கை நடத்துவது என்பது தெளிவாயிற்று. புழுவுக்கு இடமும் உணவும் அளிக்கும் உயிரை விருந்து வழங்கி என்பர். புழு முதிர்ந்து முட்டையிடும் உயிர் இறுதி விருந்து வழங்கி. அதன் இளம்பருவத்தைத் தாங்கும் உயிர் இடை விருந்து வழங்கி.

உருவம் காட்டிய வழியும் அதன் குறைபாடும்

1859ஆம் ஆண்டில் டார்வினின் நூல் வெளிவந்த பின்னர், புழுக்களுக்கும் மூதாதையர் இருந்திருத்தல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. புழுவும் விருந்து வழங்கியும் பல்லாயிரந் தலைமுறையாக ஒருங்கு வாழ்ந்தனவாதலின், ஒன்றின் குலமுறை மற்றொன்றின் குலமுறையைப் பிரதிபலிக்கும் என்று சிலர் கொண்டனர். 1913இல் பாரன்ஹோல்ஸ் இதனை ஒரு விதியாகவே வகுத்தார்.

இவ்வழியிற் சென்ற ஆராய்ச்சிகளுள் டார்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர் 1920ஆம் ஆண்டளவிற் கூறிய கருத்துச் சுவையுடையது. கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் வெப்பமும் ஈரமும் உள்ள மண்ணிலேயே வளரக்கூடியன. அமெரிக்காவின் பூர்வ குடிகள் ஆசியாவிலிருந்து பனி மூடிய வடதிசை வழியாகவே வந்தனராயின், அக்குளிரில் இப்புழு அவர்களுடன் நிலைத்திருத்தல் இயலாது. ஆதலின் அக்குடிகளிடம் பழைய உலகின் கொளுக்கிப்புழு காணப்படுமாயின், அவர்களுட் சிலரேனும் கடல் வழியாக வந்திருத்தல் வேண்டும் என்பது அவர் வாதம். மனிதரின் பயண வரலாற்றுக்குப் புழுவைச் சான்றாக அழைத்த முயற்சி இது. ஆயின் இக்குடிகளிடங் காணப்பட்ட புழு பண்டைக் காலத்தில் வந்ததா, கொலம்பசுக்குப் பின் வந்ததா என்று பிரித்தறிய அவரிடம் கருவி இல்லை.

உருவத்தை மட்டும் நோக்கி உறவு கூறுதல் ஒட்டுண்ணிகளிடத்து இடர்ப்பாடு உடையது. ஒட்டுண்ணி வாழ்வு உறுப்புக்களைக் குறைத்துவிடும். நாடாப்புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. சமித்த உணவில் மூழ்கியிருக்கும் உயிர்க்கு அவை வேண்டப்படுவதில்லை. உறவில்லாத இரு புழுக்கள் ஒரே வகை வாழ்க்கையால் ஒரே தோற்றத்தைப் பெறுதலும், உறவுடைய இரண்டு வேறு தோற்றத்தைப் பெறுதலும் உண்டு. தோற்றத்தால் மயங்காத வேறொரு சான்று தேவைப்பட்டது.

இழைமணி என்னும் ஏடு

கலத்தினுள்ளே நூலும் மணியும் போலத் தோன்றிய நுண்ணுடல்களுக்குக் கார்ல் பெண்டா 1898இல் இட்ட கிரேக்கப் பெயரின் பொருளே இழைமணி என்பது. உணவின் சத்தைக் கலத்துக்குப் பயன்படும் சக்தியாக மாற்றுதல் இதன் தொழில். 1963ஆம் ஆண்டில் ஸ்ரொக்ஹோம் நகரில் மாகிற் நாஸ், சில்வன் நாஸ் என்னும் இருவரும் இழைமணியினுள்ளே டீ.என்.ஏ. இழைகள் உள்ளன என்று காட்டினர். கருவிலுள்ள நிறமூர்த்தங்களே பரம்பரைக்கு உறைவிடம் என எண்ணியிருந்தோர்க்கு இது வியப்பாயிற்று. இழைமணி பண்டு தனித்து வாழ்ந்த பற்றீரியா இனமொன்றின் வழிவந்தது என்று 1967இல் லின் மார்குலிஸ் வாதித்தார். முதலில் இகழப்பட்ட இக்கொள்கை இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது.

1981ஆம் ஆண்டில் மனித இழைமணியின் டீ.என்.ஏ. முழுவதும் படிக்கப்பட்டது. அது 16,569 மூலச்சோடிகள் கொண்ட ஒரு வளையம். அதில் 37 பரம்பரையலகுகள் உள. கருவிலுள்ள டீ.என்.ஏ.யோடு ஒப்பிட இது மிகச் சிறிதாயினும், வரலாற்றாசிரியனுக்கு வேண்டிய நற்பண்புகள் பல உடையது. இது பெரும்பாலும் தாய்வழியாகவே இறங்குவது. ஆதலின் தாய், தந்தை இருவர் பங்கும் கலந்து குழம்புவதில்லை. கருவிலுள்ளதிலும் விரைந்து மாற்றம் அடைவது; ஆதலின் அண்மையிற் பிரிந்த இனங்களுக்கிடையிலும் வேறுபாடு காட்டுவது. ஒரு கலத்திலே பல நூறு பிரதிகள் உள்ளமையால், பழைய முட்டையொன்றிலும் சில துணுக்குகளாவது எஞ்சியிருத்தல் கூடும்.

இதனைக் கொண்டு உறவறியும் முறை, பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் கையாண்ட முறையை ஒத்தது. சி.வை.தாமோதரம்பிள்ளையும் உ.வே.சாமிநாதையரும் ஒரு நூலைப் பதிப்பிக்குமுன் பல இடங்களிலிருந்து ஏட்டுப் பிரதிகளை வருவித்து ஒப்பிட்டனர். ஏடெழுதுவோன் ஒருவன் செய்த பிழை, அவ்வேட்டைப் பார்த்தெழுதிய ஏடுகள் எல்லாவற்றிலும் தொடரும். ஆதலின் ஒரே பிழையை உடைய இரண்டு ஏடுகள் ஒரே மூல ஏட்டின் வழிவந்தன என்று துணியலாம். பிழைகளின் தொகையைக் கொண்டு, அவை மூலத்திலிருந்து எவ்வளவு விலகின என்றும் மதிக்கலாம். டீ.என்.ஏ.யில் நிகழும் விகாரங்களும் இத்தகைய பிழைகளே. தாய் மகளுக்கு அளிக்கும் ஏட்டில் எப்போதோ ஓரெழுத்து மாறுகின்றது. அம்மாற்றம் அவள் வழித்தோன்றல் அனைத்துக்கும் உரியதாகின்றது.

புழுக்களின் ஏடுகள்

புழுக்களின் இழைமணி ஏடுகளுள் முதலில் முழுமையாக வெளியிடப்பட்டவை, பன்றியின் வட்டப்புழுவும் மண்ணில் வாழும் ஒரு சிறு புழுவும் பற்றியன. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, முன்னையது 14,284 மூலச்சோடிகளும் பின்னையது 13,794 மூலச்சோடிகளும் உடையன. பெரும்பாலான விலங்குகளில் உள்ள 37 பரம்பரையலகுகளுள் ஒன்று அவற்றில் இல்லை. நாடாப்புழுக்களிலும் தட்டைப்புழு ஒட்டுண்ணிகளிலும் அவ்வலகு இல்லாமை பின்னர் அறியப்பட்டது. வட்டப்புழுக்களுள் பன்றி இறைச்சியால் மனிதனுக்கு வரும் திரிக்கினெல்லாப் புழுவிடம் அவ்வலகு எஞ்சியிருப்பதாக 2001இற் கூறப்பட்டது.

எழுத்து மாற்றம் அன்றி, பரம்பரையலகுகள் நிற்கும் ஒழுங்கும் ஆராயப்பட்டது. நூலொன்றின் இயல்கள் இடம் மாறுதல் எழுத்துப் பிழை போல அடிக்கடி நிகழ்வதன்று. ஆதலின் ஒரே ஒழுங்கு மாற்றம் இரண்டு இனங்களிற் காணப்படின் அது நெருங்கிய உறவுக்கு வலிய சான்று என்று கருதப்பட்டது. இவ்வெண்ணத்துக்கு ஓர் எச்சரிக்கை 2000ஆம் ஆண்டிற் கிடைத்தது. ஒரே சாதியைச் சேர்ந்த குருதித் தட்டைப்புழுக்களுள், ஆசியப் புழுவின் ஒழுங்கு ஏனைய தட்டைப்புழுக்களின் ஒழுங்கையே பெரிதும் ஒத்திருக்க, ஆபிரிக்கப் புழுவின் ஒழுங்கு முற்றும் மாறியிருந்தது. ஒழுங்கை மட்டும் நோக்கியிருந்தால் அவ்விரண்டும் உறவற்றன என்று பிழைபடக் கூற நேர்ந்திருக்கும். ஆயின் எழுத்துச் சான்றோடு சேர்த்து நோக்கியபோது, இவ்வேறுபாடே வேறொரு பெருவினாவுக்கு விடை காண உதவிற்று. அது பின்னர்க் கூறப்படும்.

நாடாப்புழுவை யார் யாருக்குக் கொடுத்தார்?

மனிதனின் குடலில் முதிரும் தேனியா நாடாப்புழுக்கள் மூன்று. ஒன்று மாட்டையும், ஒன்று பன்றியையும் இடை விருந்து வழங்கியாக உடையன. மூன்றாவது ஆசிய நாடாப்புழு எனப்படுவது. தாய்வானின் மலைக்குடிகள் மாட்டிறைச்சி மிக அரிதாகவே உண்பவராயிருந்தும், மாட்டு நாடாப்புழுவைப் போன்றதொரு புழுவை உடையராயிருந்தமை நெடுங்காலம் புதிராயிருந்தது. அப்புழுவின் இளம்பருவம் பன்றியின் ஈரலில் வளர்வது என்று பின்னர்த் தெரிந்தது. 1993ஆம் ஆண்டிற் கொரிய அறிஞர் அதனைத் தனியினமாக விவரித்தனர். இம்மூன்று புழுக்களுக்கும் மனிதன் ஒருவனே இறுதி விருந்து வழங்கி.

இவை மனிதனை அடைந்தது எங்ஙனம்? ஆடு மாடு பன்றிகளை மனிதன் பழக்கி வளர்க்கத் தொடங்கியது ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னராகும். அப்போது அவ்விலங்குகளோடு நெருங்கி வாழ்ந்தமையால் அவற்றின் புழுக்கள் மனிதனைப் பற்றின என்பதே நெடுங்காலம் வழங்கிய கருத்து. கேட்போர் எவர்க்கும் இயல்பாகத் தோன்றும் கருத்து இது. விலங்கு அழுக்குடையது, மனிதன் அதனால் நோயுற்றான் என்று கொள்ளுதல் எளிதன்றோ?

2001ஆம் ஆண்டில் எரிக் ஹோபேர்க் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும் இக்கருத்தைத் தலைகீழாக்கினர். தேனியாச் சாதியின் பல இனங்களையும் அவர்கள் உருவத்தால் ஒப்பிட்டுக் குலமுறை வகுத்தனர். மாட்டு நாடாப்புழுவுக்கும் ஆசிய நாடாப்புழுவுக்கும் நெருங்கிய உறவுடையது சிங்கத்தினிடம் வாழும் ஓரினம் என்றும், பன்றி நாடாப்புழுவுக்கு நெருங்கிய உறவுடையது கழுதைப்புலியினிடம் வாழும் ஓரினம் என்றும் கண்டனர். அச்சிங்கமும் கழுதைப்புலியும் ஆபிரிக்கப் புல்வெளியில் மானினங்களை உண்டு வாழ்வன. மானினங்களே அப்புழுக்களின் இளம்பருவத்தைத் தாங்குவன. மாடும் பன்றியும் வீட்டு விலங்காவதற்கு முன்னரே, மனிதனின் மூதாதையர் அப்புல்வெளியில் மான்களை வேட்டையாடியும், கொடுவிலங்குகள் விட்டுச்சென்ற இரையின் எச்சத்தைக் கவர்ந்தும் உண்டனர். அங்கே, சிங்கத்துடனும் கழுதைப்புலியுடனும் ஒரே பந்தியில் அமர்ந்தபோதே, நாடாப்புழு மனிதக் குலத்தினுட் புகுந்தது என்பது அவர்கள் முடிபு.

காலத்தை அறிய இழைமணி உதவிற்று. மாட்டு நாடாப்புழுவுக்கும் ஆசிய நாடாப்புழுவுக்கும் இடையே இழைமணிப் பரம்பரையலகு ஒன்றிற் காணப்பட்ட வேறுபாட்டைக் கொண்டு, அவை 7,80,000 ஆண்டுகளுக்கும் 17,10,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்தன என்று கணித்தனர். 2016இல் இரு புழுக்களின் கருவிலுள்ள டீ.என்.ஏ.யையும் முழுமையாக ஒப்பிட்ட சீன அறிஞர், பிரிவு நிகழ்ந்தது சுமார் 11,40,000 ஆண்டுகளுக்கு முன்னர் எனக் கணித்தனர். இவ்வெண் முன்னைய எல்லைக்குள்ளேயே அமைகின்றது. இரண்டு இனங்களும் இன்று மனிதனிடமே முதிர்வன. ஆதலின் அவற்றின் பொது மூதாதையும் மனிதக் குலத்தவரின் குடலிலேயே வாழ்ந்திருத்தல் வேண்டும் என்பது பொருத்தமான துணிபு. அக்காலத்தில் இன்றைய மனித இனமே தோன்றவில்லை. நிமிர்ந்த மனிதன் எனப்படும் பழைய இனத்தவரே வாழ்ந்தனர். மாடு தொழுவத்துக்கு வர இன்னும் ஒரு மில்லியன் ஆண்டளவு இருந்தது. ஆகவே மாடும் பன்றியும் மனிதனுக்கு நாடாப்புழுவைக் கொடுக்கவில்லை. மனிதனே அவற்றைப் பழக்கித் தன்னருகே கட்டியபோது, தன் கழிவினால் அவற்றுக்குக் கொடுத்தான்.

இம்முடிபு வெறும் பழம்பொருள் ஆராய்ச்சியன்று. பன்றி நாடாப்புழுவின் முட்டை மனிதன் வயிற்றிற் சேருமாயின், அதன் இளம்பருவம் மூளையிலும் சென்று தங்கும். வலிப்பு நோய் உண்டாகும். பன்றிகள் கட்டின்றித் திரியும் நாடுகள் பலவற்றில் வலிப்பு நோயாளருள் 30 வீதமானோர்க்கு இப்புழுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பன்றியை மட்டும் பழித்துப் பயனில்லை. புழு முதிர்வதும் முட்டையிடுவதும் மனிதனிடமே; பன்றிக்கு அது செல்வது மனித மலத்திலிருந்தே. நோயுற்றோர்க்கு மருந்து கொடுத்தலும், மலசலகூடம் அமைத்தலும், பன்றிகளைக் கட்டி வளர்த்தலுமே நோயின் வேரை அறுப்பன. ஒட்டுண்ணியின் பூர்வீகம் பற்றிய உண்மையும் அதனை ஒழிக்கும் வழியும் இங்கு ஒன்றையொன்று தழுவி நிற்கின்றன.

பன்றி நாடாப்புழுவின் பிற்கால வரலாற்றையும் இழைமணி காட்டிற்று. 2002ஆம் ஆண்டில் நக்காவோ என்னும் யப்பானிய அறிஞரும் குழுவினரும் பல நாட்டுப் புழுக்களை ஒப்பிட்டு, அவை இரண்டு மரபுகளாகப் பிரிந்துள்ளமையைக் கண்டனர். சீனா, தாய்லாந்து, இந்தியா முதலிய நாடுகளிலுள்ளவை ஒரு மரபு. ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் உள்ளவை மற்றொரு மரபு. அத்திலாந்திக் பெருங்கடலுக்கு இரு புறத்திலும் உள்ள புழுக்கள் ஒரே மரபினவாயிருத்தற்குக் காரணம் மனிதனே. கொலம்பசு தம் இரண்டாம் பயணமாகிய 1493இல் பன்றிகளை அமெரிக்கத் தீவுகளுக்குக் கொண்டுசென்றார்; அதன்பின் ஐரோப்பியக் குடியேற்றத்தோடு பன்றியும் புழுவும் அக்கண்டமெங்கும் பரவின. மடகஸ்காரில் இரு மரபுகளும் அருகருகே காணப்பட்டமை பின்னர் அறியப்பட்டது. ஆபிரிக்காவின் அருகிருந்தும் ஆசியாவிலிருந்து கடல் கடந்து வந்தோர் குடியேறிய தீவு அஃது ஆதலின், புழுவின் சான்று மக்களின் வரலாற்றோடு முரண்படவில்லை.

நத்தையும் அடிமைக் கப்பலும்

குருதித் தட்டைப்புழுவை 1851ஆம் ஆண்டிற் கெய்ரோ நகரிற் கண்டவர் தியோடர் பில்ஹார்ஸ். நன்னீர் நத்தையொன்றில் வளர்ந்து, நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்துக் குருதியிற் சேர்வது இப்புழு. எகிப்தியப் பதப்பிணங்களிலும் அது காணப்பட்டமையால் ஆபிரிக்காவே இச்சாதியின் தாயகம் என்று பலர் கொண்டனர். கண்டங்கள் பிரிந்தபோது இந்திய நிலத்தட்டே அதனை ஆசியாவுக்குக் கொண்டுவந்தது என்று கருதியோரும் உளர்.

இழைமணிச் சான்று இதற்கு மாறாயிற்று. முன்னர்க் கூறியவாறு, ஆசியக் கிழக்குப் புழுவின் பரம்பரையலகு ஒழுங்கு பிற தட்டைப்புழுக்களின் பழைய ஒழுங்கைப் பேணுகின்றது. ஆபிரிக்கப் புழுக்களின் ஒழுங்கோ புதியது. எழுத்துக்களை ஒப்பிட்டு வகுத்த குலமுறையிலும் ஆசிய இனங்கள் அடியிலும் ஆபிரிக்க இனங்கள் கிளைநுனியிலும் அமைந்தன. ஆகவே இச்சாதி ஆசியாவில் தோன்றி ஆபிரிக்காவுக்குச் சென்றது என்ற முடிபு வலுப்பெற்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் மாடுகளைப் பற்றும் சிஸ்டோசோமா ஸ்பிண்டேல் என்னும் இனம், ஆசியாவில் வாழ்ந்தும் ஆபிரிக்கப் புழுக்களின் புதிய ஒழுங்கையே உடையது. ஆசியாவிலிருந்து சென்ற மரபின் ஒரு கிளை ஆபிரிக்காவிலிருந்து மீண்டும் கிழக்கே திரும்பியது என்பதற்கு இது சான்றாகின்றது.

மனிதனைப் பற்றும் மான்சன் புழுவின் வரலாறு இன்னும் உருக்கமானது. ஆபிரிக்காவில் மட்டுமன்றி பிரேசிலிலும் கரிபியன் தீவுகளிலும் அது வாழ்கின்றது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று பல நாட்டுப் புழுக்களின் இழைமணியை ஒப்பிட்டது. கிழக்கு ஆபிரிக்கப் புழுக்களிடையே வேறுபாடு மிகுந்திருந்தது. ஆதலின் அதுவே இவ்வினத்தின் பழைய இருப்பிடம் எனலாம். அமெரிக்கப் புழுக்களோ வேறுபாடு குன்றி, மேற்கு ஆபிரிக்கப் புழுக்களோடு நெருங்கிய உறவுடையனவாயிருந்தன. ஏறத்தாழ 12.5 மில்லியன் ஆபிரிக்க மக்கள் விலங்கிடப்பட்டு அத்திலாந்திக் கடலைக் கடக்கக் கப்பலேற்றப்பட்ட வரலாறு, அவர்தம் குருதியில் வாழ்ந்த புழுவின் ஏட்டிலும் பதிந்துள்ளது. கப்பற் கணக்குகள் பல அழிந்தன; அடிமைகளின் இயற்பெயர்கள் மறைக்கப்பட்டன. எனினும் அவர்கள் எக்கரையிலிருந்து கொணரப்பட்டனர் என்பதற்கு இச்சிற்றுயிர் சாட்சியாயிற்று.

இங்கு வேறோர் உண்மையும் புலப்படும். சிறுநீர்ப்பையைத் தாக்கும் மற்றொரு ஆபிரிக்கக் குருதிப்புழுவும் அதே மக்களின் உடலிற் கடல் கடந்திருத்தல் வேண்டும். ஆயின் அது அமெரிக்காவில் நிலைபெறவில்லை. அதற்குரிய நத்தை அங்கே இல்லை. மான்சன் புழுவுக்கு வேண்டிய பயோம்பலேரியா நத்தை அங்கே மிகுதியாக இருந்தது. அந்நத்தையின் தாயகமே அமெரிக்கா என்றும், சில மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னரே அது ஆபிரிக்காவை அடைந்தது என்றும் நத்தைகளின் டீ.என்.ஏ. காட்டுகின்றது. ஆகவே மான்சன் புழு தன் நத்தையின் பிறந்தகத்துக்கே சென்று சேர்ந்தது. ஒரு நோய் எங்கே பரவும் என்பதை மனிதனின் பயணம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்நோயின் சங்கிலியிலுள்ள ஒவ்வொரு கண்ணியும் அங்கே இருத்தல் வேண்டும்.

சான்றின் எல்லை

இழைமணியின் சான்று பெரிதாயினும் எல்லையுடையது. அது தாய்வழியை மட்டுமே கூறும். மாட்டு நாடாப்புழுவும் ஆசிய நாடாப்புழுவும் ஒருங்கு வாழும் நாடுகளில் எடுக்கப்பட்ட புழுக்கள் சிலவற்றில், இழைமணி ஓரினத்தைக் காட்ட, கருவிலுள்ள டீ.என்.ஏ. மற்றோரினத்தைக் காட்டியது. இரண்டு இனங்களும் கலந்து கலப்புப் புழுக்களை ஈன்றுள்ளன என்பது இதனால் விளங்கிற்று. இழைமணியை மட்டும் படித்திருந்தால் இவ்வுண்மை தோன்றியிராது. தாய்வழிப் பெயர் ஒன்றையே கொண்டு ஒரு குடும்பத்தின் முழுக் கதையையும் கூற முடியாதவாறு போல்வதே இது.

கால அளவும் அத்தகையதே. எழுத்து மாற்றம் எல்லா இனங்களிலும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. உயிர்ச்சுவடு அரிதாயுள்ள புழுக்களிடத்து அவ்வேகத்தை அளந்து சரிபார்ப்பதும் அரிது. மேலே காட்டிய நாடாப்புழுப் பிரிவின் காலம் ஓரெண்ணாக அன்றி, அகன்ற இரு எல்லைகளாகக் கூறப்பட்டமைக்குக் காரணம் இதுவே. மிகப் பழைய பிரிவுகளிலோ, ஓரெழுத்தே மீண்டும் மீண்டும் மாறியிருத்தலால் பழைய சுவடு தேய்ந்துவிடும். அவ்விடங்களில் இழைமணிச் சான்றைப் பிற சான்றுகளோடு பொருத்திப் பார்த்தே முடிபு கொள்ளல் வேண்டும். நாடாப்புழுக்களும் குடல், ஈரல், குருதி ஆகியவற்றில் வாழும் தட்டைப்புழுக்களும் ஒரே ஒட்டுண்ணி மூதாதையின் வழிவந்தன என்பது 2007இல் இழைமணிகளை ஒப்பிட்டுக் கூறப்பட்ட ஒரு முடிபாகும். பல விருந்து வழங்கிகளிடையே மாறி வாழும் சிக்கலான வாழ்க்கை இருமுறை தனித்தனியே தோன்றியது என்பதிலும், ஒருமுறை தோன்றி இரண்டுக்கும் வழிவழி வந்தது என்பது எளிய விளக்கம்.

அண்மைக் காலத்தில் இம்முறை பழைய மலக்குழிகளுக்குள்ளும் இறங்கியுள்ளது. வட ஐரோப்பாவின் வைக்கிங்கர் காலத்து மண்ணிலிருந்தும் பிற்காலக் கழிவிடங்களிலிருந்தும் எடுத்த சவுக்குப்புழு முட்டைகளின் டீ.என்.ஏ.யை இன்றைய புழுக்களின் டீ.என்.ஏ.யோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2022இல் வெளிவந்தது. இப்புழுவும் ஆபிரிக்காவிலிருந்தே மனிதனோடு உலகெங்கும் பரவியது என்பதற்கு அது சான்று தந்தது. அரண்மனையின் எச்சம் மட்டுமன்றிக் கழிவிடத்தின் எச்சமும் வரலாற்று மூலமாகியுள்ளது.

ரெடியின் மூடிய கலம் தொடங்கி இழைமணியின் எழுத்துவரை சென்ற இவ்வாராய்ச்சி, இழிந்தன என்று ஒதுக்கப்பட்ட உயிர்களிடமிருந்து மனிதன் தன்னைப் பற்றியே பல உண்மைகளை அறியச் செய்துள்ளது. அவன் சிங்கத்தின் எச்சிலை உண்டதும், தன் புழுவைத் தன் மாட்டுக்கு ஊட்டியதும், பன்றியைக் கப்பலேற்றியதும், தன்னினத்தவரையே விலங்கிட்டு விற்றதும் அப்புழுக்களின் ஏட்டில் எழுதப்பட்டுள்ளன. அரசர் தம் கல்வெட்டுக்களில் வெற்றிகளை மட்டுமே பொறித்தனர். புழுவின் ஏட்டை எழுதுவித்தோர் எவருமிலர். ஆதலின் அதில் மறைக்கப்பட்டதும் மிகைப்படுத்தப்பட்டதும் இல்லை. அதனைப் பிழையறப் படித்தலே அறிஞர்க்குரிய கடன். படித்தவாறு நோயின் வேரை மனிதனிடத்தே தேடிக் களைதல் நாடுகளுக்குரிய கடன்.